ஒரு தடவையாவது மெக்சிகோவில் ஆடினார்களா?

கோல்கம்பம்:
எட்டாம் நம்பர் நேற்று வேறொரு இழையில், "மெக்சிகோ கால்பந்து கிளப்களின் காலம் முடிந்தது, அமெரிக்க, கனடா அணிகளின் லீக்கான எம்.எல்.எஸ். அவர்களுக்குச் சமமாக வந்துவிட்டது, கம்பியோனெஸ் கோப்பையே சாட்சி" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் தனி இழை. அந்தக் கோப்பைக்கு வருடத்துக்கு ஒரே ஒரு ஆட்டம், எம்.எல்.எஸ். சாம்பியனுக்கும் மெக்சிகோ சாம்பியனுக்கும். 2018-ல் ஆரம்பித்தது, 2020-ல் கொரோனாவால் நடக்கவில்லை. 2025 வரை ஏழு ஆட்டம். ஏழும் எம்.எல்.எஸ். அணியின் சொந்த மைதானத்தில். அத்தனையும் அமெரிக்காவில். ஒரு தடவையாவது மெக்சிகோவில் ஆடினார்களா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் சமம் பற்றிப் பேசலாம்.

எட்டாம் நம்பர்:
2019-ல் அட்லாண்டா 3-2 கிளப் அமேரிக்கா (பெயர்தான் அமேரிக்கா, அணி மெக்சிகோவுடையது). 2021-ல் கொலம்பஸ் 2-0 க்ரூஸ் அசூல். 2022-ல் நியூயார்க் சிட்டி 2-0 அட்லஸ். தொடர்ந்து மூன்று. மைதானம் இறங்கி வந்து கோல் போடவில்லை, ஆட்டக்காரர்கள்தான் போட்டார்கள். அதையும் பாருங்கள் சார்.

கோல்கம்பம்:
பார்த்தேன். மிச்சத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2018-ல் மெக்சிகோவின் திக்ரெஸ் 3-1. 2023-ல் திக்ரெஸ். 2024-ல் கிளப் அமேரிக்கா. 2025-ல் தொலுகா 3-2. மெக்சிகோவுக்கு நாலுக்கு மூன்று, அதுவும் அடுத்தவன் வீட்டில் போய். நீங்கள் சொல்லும் 2022 ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? யாங்கி ஸ்டேடியம். அது பேஸ்பால் மைதானம். பேஸ்பால்காரர்கள் ஓடும் செம்மண்ணின் மேல் புல் விரித்து, 110 கஜ நீளம், 70 கஜ அகலத்தில் ஒரு ஆடுகளம் போடுவார்கள். விங்கில் ஆடுகிறவன் பந்தை வாங்கித் திரும்பினால் கோட்டுக்கு வெளியே நிற்பான். அட்லஸ் அதில் ஆடித் தோற்றது. இதே அணிகள் அட்லஸின் ஊரான குவாதலஹாராவில் ஆடியிருந்தால்? ஒரு தடவையாவது மெக்சிகோவில் ஆடினார்களா?

மேற்கு காலரி:
அண்ணை, முதலில் ஒரு பிழையைத் திருத்துங்கோ. "அத்தனையும் அமெரிக்காவில்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2018 ஆட்டம் ரொறன்ரோவில் நடந்தது. ரொறன்ரோ கனடாவில் இருக்கிறது. அந்தச் செப்டெம்பர் இரவு நான் அங்கே இருந்தேன். ஏரிக்காற்று முகத்தில் அடிக்க, பாதி இருக்கை காலியாகக் கிடந்தது. எனக்கு மூன்று வரிசை முன்னால் மஞ்சள் சட்டை போட்ட திக்ரெஸ் குடும்பம் ஒன்று, சின்னப் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் பாடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தவனுக்கு, சொந்த மைதானம் என்று நீங்கள் சொல்வது அவ்வளவு பெரிய சங்கதி இல்லை என்று தெரியும்.

கோல்கம்பம்:
கனடா என்றால் கனடா. மெக்சிகோ இல்லையே?

மேற்கு காலரி:
இல்லை. ஆனால் மெக்சிகோவுக்குப் போகப் பயம் என்கிற மாதிரி எழுதினீர்களே, அதற்குத்தான் பதில். அதே 2018-ல் கொன்ககாஃப் சாம்பியன்ஸ் லீக், வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கிளப்களின் போட்டி. ரொறன்ரோ மொன்தெர்ரே பக்கம் போய் திக்ரெஸிடம் 3-2 என்று தோற்றும், இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமமானதால், எதிரணி மைதானத்தில் கூடுதலாகப் போட்ட கோல் கணக்கில் அவர்களையே வெளியேற்றியது. அடுத்து மெக்சிகோ நகரத்து அஸ்தேகா மைதானத்தில் கிளப் அமேரிக்காவோடு 1-1. இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் குவாதலஹாராவுக்கே போய் சீவாஸை 2-1 வென்று, பெனல்டியில்தான் கோப்பையை விட்டது. மூன்று மெக்சிகோ மைதானம், ஒரே வருடம். எங்கள் பெடியளை இளக்காரமாகப் பேச வேண்டாம்.

கோல்கம்பம்:
அது வேறு கோப்பை. அதில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு ஆட்டம், நியாயமான முறை. நான் கேட்பது கம்பியோனெஸ் கோப்பை. ஒரு தடவையாவது மெக்சிகோவில் ஆடினார்களா?

பழைய பந்து:
நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எம்.எல்.எஸ். சாம்பியன் முடிவாவது நவம்பர், டிசம்பரில். இந்த ஆட்டம் அடுத்த வருடம் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள். அதற்குள் அணியே மாறிவிடுகிறது. 2017-ல் மூன்று கோப்பை தூக்கிய ரொறன்ரோ, 2018-ல் பிளே-ஆஃப்புக்கே வரவில்லை. சாம்பியன் என்று யாரைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசுவோமா?

எட்டாம் நம்பர்:
அதை அப்புறம் பார்க்கலாம் ஐயா. கோல்கம்பம், உங்கள் நாலுக்கு மூன்று கணக்கே தப்பு. 2023-ல் திக்ரெஸும் லாஸ் ஏஞ்சலஸ் அணியான எல்.ஏ.எஃப்.சி.யும் 0-0. 2024-ல் கொலம்பஸும் கிளப் அமேரிக்காவும் 1-1. கூடுதல் நேரம்கூட இல்லாமல் நேராக பெனால்டிக்குப் போனார்கள். ஆட்டத்தில் அவை டிரா. ஆக எம்.எல்.எஸ். மூன்று, மெக்சிகோ இரண்டு, டிரா இரண்டு.

கோல்கம்பம்:
பெனால்டியில் ஜெயித்தவன் கையில்தானே கோப்பையைக் கொடுத்தார்கள்? 2024 ஆட்டத்தை விடியற்காலையில் எழுந்து, வீட்டில் எல்லாரும் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தவன் நான். 5-4. எதிரணியின் ரசிகர்கள் அத்தனை பேரும் கத்தும்போது ஒவ்வொருவனாக நடந்து போய்ப் பந்தை வைத்து உதைக்க வேண்டும். அதை டிரா என்று எழுதக் கை எப்படி வருகிறது? 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா பெனால்டியில் ஜெயித்தபோது இதே இழைகளில் நீங்கள் போட்ட கூத்து எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு அது டிரா இல்லையோ?

எட்டாம் நம்பர்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டிவிட்டு ஒரு மாதம் ஆளே காணோம். நானும் மறக்கவில்லை.

மேற்கு காலரி:
உதைபந்தாட்டத்தைப் பேசுவோம். அண்ணை, மெக்சிகோவின் கம்பியோன் தெ கம்பியோனெஸ் எங்கே நடக்கிறது? மெக்சிகோ லீக்கில் ஒரு சீசனுக்கு அபெர்த்துரா, க்ளவுசுரா என்று இரண்டு பாதி, இரண்டு சாம்பியன்; அந்த இருவரும் மோதுகிற ஆட்டம். இரண்டுமே மெக்சிகோ அணிகள். 2018-லும் 2025-லும் அதை ஆடினது கலிஃபோர்னியாவில், கார்சனில். தங்கள் வீட்டுச் சண்டையையே அங்கே போய் வைத்துக்கொள்கிறவர்களுக்காக நீங்கள் ஏன் அழுகிறீர்கள்?

கோல்கம்பம்:
அழவில்லை, கேட்கிறேன். அங்கே கொண்டுபோனது ஆட்டக்காரர்கள் இல்லை, முதலாளிகள். அமெரிக்காவில் இருக்கிற மெக்சிகோக்காரர்கள் டாலர் கொடுத்து டிக்கெட் வாங்குவார்கள், அதுதான் காரணம். அதுவும் எனக்குப் பிடிக்காத விஷயம்தான். ஆனால் நடுவில் எங்கோ இரண்டு மெக்சிகோ அணிகள் ஆடுவது வேறு, ஒரு அணிக்கு மட்டும் ஏழு தடவையும் சொந்த வீடு என்பது வேறு. தொலுகா மைதானம் கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எழுபதாவது நிமிடத்தில், 2025-ல் தொலுகாவோடு ஆடிய எல்.ஏ. கேலக்ஸிக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும். அந்தக் கம்பியோனெஸ் கோப்பை ஆட்டத்தையும் கேலக்ஸியின் சொந்த மைதானம் இருக்கிற கார்சனில்தான் வைத்தார்கள். அப்படியும் தொலுகா ஜெயித்தது. ஒரு தடவையாவது மெக்சிகோவில்...

பழைய பந்து:
நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எட்டாம் நம்பர்:
மூன்று வெற்றி, இரண்டு தோல்வி, இரண்டு டிரா. நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றப் போவதில்லை.

மேற்கு காலரி:
"அத்தனையும் அமெரிக்காவில்" என்பதை அண்ணை இன்னும் திருத்தவில்லை. 2018 டிக்கெட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்றால் படம் எடுத்துப் போடுகிறேன்.

கோல்கம்பம்:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. அதில் மெக்சிகோ ஊர்ப் பெயர் ஏதாவது அச்சடித்திருந்தால் காட்டுங்கள்.