பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கும்முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பண்ணைக்காட்டான்:

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடையில், காப்பியும் மிளகும் நிற்கும் சிறு தோட்டம் ஒன்று எங்களுக்கு இருக்கிறது. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து தோட்டத்து வீடு வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதன் கடைசி ஏற்றம் முழுவதும் சேறாகிவிடுகிறது. அப்போதெல்லாம் வாடகை ஜீப்பை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று மதுரையில் ஒருவர் சொந்தமாக வைத்திருக்கும் 2009-ஆம் ஆண்டுப் பெட்ரோல் மாருதி ஜிப்சி. பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்று கோவையில் ஒரு வியாபாரியிடம் நிற்கும் 2014-ஆம் ஆண்டு டீசல் மஹிந்திரா தார். டெல்லிப் பதிவு எண், விலை மிகவும் குறைவு. எங்கள் ஊர் மெக்கானிக் கார்களை நன்றாகப் பார்ப்பார் என்றாலும் ஃபோர் வீல் வேலையில் அவருக்குப் பழக்கம் இல்லை. இவ்வகை வண்டியில் தனியாகக் கவனிக்க வேண்டியவை எவை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஸ்பானர்செட்:

தம்பி, எஞ்ஜின், கிளட்ச், பிரேக், ஸ்டீரிங் எல்லாவற்றையும் உங்கள் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். ஆனால் ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள்: நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்ஜின் சூடாக இருந்தால், அன்றைய சோதனையை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்ஜினில்தான் ஸ்டார்ட் ஆகும் விதமும், முதல் புகையின் நிறமும், தட்டும் ஓசையும் உண்மையைச் சொல்லும்.

டிரான்ஸ்பர் கேஸ் (எஞ்ஜின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்கும் பெட்டி), முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (அந்தப் பெட்டியிலிருந்து முன் அச்சுக்குப் போகும் சுழல் தண்டு), முன் ஹவுசிங் (முன் அச்சின் இரும்புக் கூடு), ஹப் பூட்டு (முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பூட்டு) ஆகிய நான்கும்தான் சாதாரணக் காரில் இல்லாதவை. நகரத்திலேயே ஓடிய வண்டியில் இவை ஆண்டுக்கணக்கில் வேலையின்றி இறுகிப் போயிருக்கும். காட்டில் ஓடிய வண்டியில் தேய்ந்து போயிருக்கும். விற்பவர் "ஃபோர் வீல் எல்லாம் பக்காவாக இருக்கிறது" என்று சொல்லி லிவரை முன்னும் பின்னும் தள்ளிக் காட்டுவார். லிவர் நகர்வதால் முன்சக்கரம் இழுக்கிறது என்று ஆகிவிடாது.

எனவே வண்டியைத் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சரளையோ மணலோ பரந்து கிடக்கும் திடலுக்குக் கொண்டு போங்கள். ஜிப்சி, பழைய தார் இரண்டிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீலில் போட்டு வளைக்கும்போது, முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் உருள வேண்டியிருப்பதால் அந்த வித்தியாசம் எங்காவது வழுக்கிக் கழிந்தாக வேண்டும். சரளையில் டயர் வழுக்கிக் கழித்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாததால் முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் பல்சக்கரத்திலும் ஏறி, கடைசியில் லிவரே வெளியே வர மறுக்கும். தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டுக் காட்டும் உரிமையாளர், வண்டியை இத்தனை ஆண்டுகளாக எப்படி ஓட்டியிருப்பார் என்பதையும் அதன் மூலம் உங்களுக்குக் காட்டிவிடுகிறார்.

திடலில் முதலில் ஃபோர் ஹையில் (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல் நிலை) மெதுவாக ஓட்டுங்கள். பிறகு வண்டியை முற்றிலும் நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து ஃபோர் லோவுக்கு (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நிலை) மாற்றுங்கள். முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஆள் நடக்கும் வேகத்திற்கும் குறைவாக ஊர்ந்து போக வேண்டும். அப்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டு, மறுபடி அழுத்தி விட்டுப் பாருங்கள். லிவர் தானாக நடுநிலைக்குத் துள்ளி வருமானால் உள்ளே பல்சக்கரமோ பூட்டும் அமைப்போ தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஜிப்சியில் இன்னொரு காரணமும் உண்டு. அதன் டிரான்ஸ்பர் கேஸ் கியர் பெட்டியோடு ஒட்டாமல், சேசிஸில் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் தனியாகத் தொங்குகிறது. அந்த ரப்பர் கிழிந்துவிட்டால் பெட்டியே நகர்ந்து லிவர் துள்ளும். ரப்பர் மாற்றுவது சிறிய செலவு. பல்சக்கரம் மாற்றுவது பெரிய செலவு. இரண்டில் எது என்று அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடியில் படுத்தவுடன் டிரான்ஸ்பர் கேஸ், இரண்டு ஹவுசிங்குகள் ஆகியவற்றின் ஆயில் நிரப்பும் போல்ட்டுகளைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறக்கிய வண்டியில் இது அடிக்கடி நடக்கும். சூடான ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் குளிரும்போது, ப்ரீதர் எனும் காற்றுத்துளை அடைபட்டிருந்தால் ஆயில் சீல் வழியாகவே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். திறக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்த மறுப்பையே விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து டயர்களும் ஒரே அளவா, முன்னும் பின்னும் தேய்மானம் ஏறக்குறைய ஒன்றா என்று பாருங்கள். அளவு மாறிய டயர்களோடு ஃபோர் வீலில் ஓடினால், நேர்ச்சாலையிலேயே நான் மேலே சொன்ன முறுக்கம் ஏறும்.

மலைச்சாலை:

ஒரு மாற்றுக் கருத்து. 3 கிலோமீட்டரில் கடைசி ஏற்றம் மட்டும்தான் சிக்கல் என்றால், அந்த இடத்தில் கல் பரப்பி, மழைநீர் பாதையின் குறுக்கே ஓடாமல் ஓரக் கால்வாய் வெட்டிவிட்டு, ஒரு சாதாரண பொலேரோவுக்கு நல்ல பட்டை டயர் போட்டு ஓட்டிவிட முடியாதா? பின்சக்கர இழுவை வண்டியில் பின்னால் நான்கு மூட்டை ஏற்றினால் மலையில் எவ்வளவோ ஏறும். ஃபோர் வீல் என்பது வாங்கும்போது ஒரு விலை, பராமரிக்கும்போது இன்னொரு விலை.

பண்ணைக்காட்டான்:

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த ஏற்றம் பொதுப் பாதையில் வருகிறது. நாங்களாக அதில் வேலை செய்ய முடியாது. மேலும் அவசரத்திற்கு நோயாளியை இறக்க வேண்டி வருவது மழை நாளில்தான். ஆகவே ஃபோர் வீல் என்பதில் மாற்றமில்லை.

ஆவணக்கட்டு:

டெல்லித் தாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேசியத் தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு நீதிமன்ற, தீர்ப்பாய உத்தரவுகளால் தடை வந்ததால்தான் அவை தெற்கே மலிவாக வந்து சேர்கின்றன. ஆகையால் விலை குறைவு என்பதற்காகவே வண்டியில் குறை இருக்கிறது என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விலையோடு கணக்கு முடிவதும் இல்லை. டெல்லி அலுவலகம் படிவம் 28-இல் வழங்கிய தடையின்மைச் சான்று வேண்டும். இங்கே புதிய எண் வாங்கி, வண்டியின் வயதுக்கும் மதிப்புக்கும் ஏற்பத் தமிழ்நாட்டுச் சாலை வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். கடன் பதிவு நீக்கப்படாமல் இருந்தால் படிவம் 35-உம் நிதி நிறுவனத்தின் கடிதமும் இல்லாமல் எதுவும் நகராது. "எல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம்" என்று வியாபாரி சொன்னால், முடித்த பிறகே முழுத் தொகை என்று எழுதி வாங்குங்கள்.

எந்த வண்டியானாலும் சேசிஸ் எண்ணைத் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் அச்செடுத்து, ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ட்டோ, உராய்ந்த தடமோ இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். ஜிப்சியில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். இராணுவத்திலிருந்து ஏலத்தில் வந்த ஜிப்சிகள் ஏராளம் என்பதால், இரண்டு வண்டிகளின் உடலையும் சேசிஸையும் சேர்த்து ஒன்றாக்கியவையும் சந்தையில் உண்டு. ஏல வண்டி என்பதே குற்றமன்று. ஏலக் காகிதம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். இராணுவப் பச்சை நிறத்தை அப்படியே வைத்துக்கொள்ளவும் ஆசைப்படாதீர்கள். மோட்டார் வாகன விதிகளின்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது.

மாற்றி அமைத்த வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்திருக்கிறது. உயர்த்திய ஸ்பிரிங், வெளியே நீட்டிய பெரிய டயர், முன்னால் இரும்புக் கம்பி என்று அலங்கரித்த வண்டியை எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் கொண்டு போகும்போது, அந்த அலங்காரத்தை எல்லாம் கழற்றும் செலவும் உங்களுடையதுதான்.

பண்ணைக்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. தார் வியாபாரி தடையின்மைச் சான்றின் நகலைக்கூடக் காட்டவில்லை என்பதால் அதை விட்டுவிட்டேன். மதுரை ஜிப்சியை நேற்று பார்த்தேன். குளிர்ந்த எஞ்ஜின் சுத்தமாக ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. ஆயில் மூன்றிலும் தண்ணீர் இல்லை. ஃபோர் லோவில் ஊர்ந்தது, லிவர் துள்ளவில்லை. ஆனால் மணலில் ஒரு சிறு மேட்டில் ஏற்றியபோது பின்சக்கரங்கள் மட்டும் மணலை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் சும்மா நின்றன. ஹப்புகள் கையால் திருப்பும் வகையைச் சேர்ந்தவை. இரண்டையும் லாக் என்ற குறிக்குத் திருப்பியிருந்தேன். வலப்பக்கக் குமிழ் திரும்புவதற்கு மிகவும் கடினமாக இருந்தது. டிரான்ஸ்பர் கேஸே போய்விட்டதா?

ஸ்பானர்செட்:

லோவில் ஊர்ந்தது என்பதால் டிரான்ஸ்பர் கேஸின் வேகக் குறைப்புப் பகுதி நன்றாக இருக்கிறது. முன் இணைப்பு மட்டும் விழவில்லையா, அல்லது ஹப் பூட்டவில்லையா என்பதைப் பட்டறையிலேயே பிரித்தறியலாம். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் போக வேண்டாம். எஞ்ஜினை நிறுத்தி, ஃபோர் ஹையில் போட்டு, ஹப்புகளை லாக்கில் வைத்துவிட்டு, இடப்பக்க முன்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றினால் டிரான்ஸ்பர் கேஸில் முன் இணைப்பு விழவில்லை. ஷாஃப்ட் அசையாமல் நின்று, வலப்பக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் எல்லாம் சரி. ஷாஃப்ட்டும் நின்று, வலச் சக்கரமும் நின்று, இடச் சக்கரம் மட்டும் சுற்றினால் ஏதோ ஒரு ஹப் பூட்டவில்லை. அடுத்து வலச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். எந்த ஹப் பழுதானதோ, அந்தச் சக்கரம் உள்ளே எதையும் அசைக்காமல் தனியாக, இலேசாகச் சுற்றும்.

ஒரு பக்க ஹப் மட்டும் போனாலே முன் இழுவை முழுவதும் போய்விடும் என்பதைப் பலர் நம்புவதில்லை. முன் டிஃபரன்ஷியல் தடையற்ற பக்கத்துக்கே சுழற்சியை அனுப்பும். பூட்டாத ஹப்பின் உள்ளே அச்சு வெறுமனே சுழல்வதால், நன்றாக உள்ள எதிர்ச் சக்கரத்துக்கும் இழுவை கிடைக்காது.

பண்ணைக்காட்டான்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தோம். ஷாஃப்ட் அசையவில்லை, வலச் சக்கரம் தனியாகச் சுற்றியது. வலப்பக்க ஹப்பைப் பிரித்தபோது உள்ளே கிரீஸ் காய்ந்து துருப்பிடித்து, பூட்டும் வளையம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. கூடவே இன்னும் இரண்டு விஷயங்கள்: முன் ஹவுசிங்கின் வலது முனையில், சக்கரம் திரும்பும் உருண்டைப் பகுதியில் கிரீஸும் ஆயிலும் கலந்து கசிந்து டயரின் உட்பக்கம் வரை வடிந்திருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சிறிய ஆட்டம் இருக்கிறது. அடிப்பாகத்தில் கறுப்புப் பெயின்ட் புதிதாக அடித்திருக்கிறார்கள்.

ஸ்பானர்செட்:

ஹப் வேலை சிறியதுதான். வளையத்தில் பல் தேயாமல் இருந்தால் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே போதும், தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். ஆட்டம் சக்கர பேரிங்கிலா, கிங்பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் முளை) பேரிங்கிலா என்று பார்க்க வேண்டும். ஒருவர் பிரேக்கை அழுத்தமாக மிதித்திருக்க, நீங்கள் மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். எதுவானாலும் அந்த முனையைப் பிரித்துத்தான் ஆயில் சீலையும் மாற்ற வேண்டியிருப்பதால், இரண்டு வேலைக்கும் ஒரே கூலி என்று பேசுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்தப் புதுக் கறுப்புப் பெயின்ட்தான். ஜிப்சியில் எஞ்ஜினைவிடத் தகரம் முதலில் போகும். ரப்பர் மிதியடியை முழுவதும் தூக்கி, முன் இருக்கைகளின் அடியையும் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகளையும் பாருங்கள். பிறகு அடியில் போய், பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடங்களிலும், உடல் சேசிஸில் உட்காரும் மவுண்ட்டுகளிலும், ஸ்டீரிங் பெட்டி போல்ட் செய்த இடத்திலும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும்; துரு தின்ற இடம் மந்தமாகக் கேட்கும், சில இடங்களில் பெயின்ட்டோடு உதிரவும் செய்யும். தரைத்தகட்டில் ஓட்டை இருந்தால் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். சேசிஸில் ஒட்டு வெல்டிங் கண்டால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பண்ணைக்காட்டான்:

தட்டிப் பார்த்துவிட்டோம் ஐயா. சேசிஸ் முழுவதும் ஒரே ஓசை; வெல்டிங் எங்கும் இல்லை. ஓட்டுநர் பக்கத் தரைத்தகடு மட்டும் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு அரித்திருக்கிறது. ஆட்டம் கிங்பின்னில்தான். டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லை.

ஸ்பானர்செட்:

அப்படியானால் வாங்கலாம் தம்பி. ஹப், கிங்பின் பேரிங், ஆயில் சீல், தரைத்தகடு, டைமிங் பெல்ட் ஆகிய ஐந்தையும் எழுதி, மதுரையிலேயே ஒரு பட்டறையில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். பில் இல்லாத டைமிங் பெல்ட்டை மாற்றாத பெல்ட்டாகவே கணக்கில் கொள்ள வேண்டும். வண்டி கைக்கு வந்ததும் மூன்று ஆயில்களையும் மாற்றி, ப்ரீதர்களை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகு மழை இல்லாத மாதங்களிலும் மாதத்திற்கு ஒரு முறையாவது மண்பாதையில் ஃபோர் வீலில் போட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். இல்லையேல் அந்த வலப்பக்க ஹப் அடுத்த ஐப்பசிக்குள் மறுபடி இறுகிவிடும்.

ஆவணக்கட்டு:

பணம் கொடுக்கும் அன்றே, ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-இலும் 30-இலும் விற்பவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். காப்பீட்டைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. 2029 வரை செல்லும் என்று நினைக்கிறேன். பழைய வண்டிகளுக்கான பசுமை வரி கட்டிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள், அதை நினைவாகக் கொடுப்பவர்கள் குறைவு.