ஜோகூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்தால் சின்ன வியாபாரிக்கு என்ன பயன்?

உட்லண்ட்ஸ் மாவுக்கடை:
வணக்கம். உட்லண்ட்சில் தொழிற்கூடம் எடுத்து இட்லி மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறோம், பொடி வகைகளும் உண்டு. வாடகை கட்டி மாளவில்லை. 2025 ஜனவரியில் சிங்கப்பூர், மலேசிய அரசாங்கங்கள் கையெழுத்திட்ட ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்தில் 5 விழுக்காடுதான் நிறுவன வரி என்கிறார்கள். வேலையை அந்தப் பக்கம் மாற்றினால் எங்களுக்கும் அது கிடைக்குமா? யாரைப் போய்ப் பார்ப்பது?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, அந்த 5 விழுக்காட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு, மருத்துவக் கருவி, விமானப் பாகம் போன்ற துறைகளில் தகுதிபெறும் புது முதலீட்டுக்குத்தான் அது, அதிகபட்சம் 15 ஆண்டு. மண்டலமே 3,500 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஒன்பது பகுதி. செடெனாக்கில் தரவு மையங்கள், பெங்கேராங்கில் பெட்ரோலியம் என்று இடத்துக்கு ஒரு தொழில். உங்களுக்கு மிச்சமாவது வாடகையும் சம்பளமும்தான், அதுவே பெரிய தொகை.

லாரிக்காரன்:
மாவை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் காஸ்வே பாலத்தில் மாட்டினால் வண்டி நகராது, குளிர்ப்பெட்டி கொஞ்சம் மக்கர் செய்தாலும் இறக்கும்போது மாவு பொங்கிப் புளித்து மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும், எந்தக் கடைக்காரர் வாங்குவார்? உட்லண்ட்சுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே ஓடப்போகும் ஆர்டிஎஸ் ரயில் வந்தாலும் அது மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஆட்களை ஏற்றத்தான், சரக்குக்கு இல்லை. பொடி, முறுக்கு மாதிரி கெடாத சரக்கை அங்கே செய்யுங்கள். அப்புறம், இந்தப் பக்கம் சிங்கப்பூர் உணவு அமைப்பில் இறக்குமதியாளராகப் பதிய வேண்டும், ஒவ்வொரு லோடுக்கும் பெர்மிட் வேண்டும்.

ஜேபி அக்கா:
ஜோகூரில் இருக்கும் ஃபாரஸ்ட் சிட்டியில் முதலீட்டாளர்களுக்கென்று ஓர் உதவி மையம் 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். மத்திய அரசு, மாநில அரசு அதிகாரிகள் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் அனுமதிக்கு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். அதற்கு முன்பு உங்கள் பக்கம் தொழில்களுக்கு உதவும் அரசாங்க அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூரிடம் வெளிநாட்டுச் சந்தை மானியம் பற்றிக் கேளுங்கள், இந்திய வர்த்தக, தொழிற்சபையிலும் விசாரியுங்கள். ஐந்து ஆண்டில் 50 திட்டம், 20,000 திறன்மிக்க வேலை என்று இலக்கு வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் அந்த 50-இல் உங்களைப் போன்ற கடை ஒன்றுகூட இல்லாவிட்டால் எனக்கு வருத்தம்தான். சபைகள் பத்துச் சின்ன வியாபாரிகளைச் சேர்த்து ஒரே கட்டடம் பேசிக் கொடுத்தால் என்ன?

உட்லண்ட்ஸ் மாவுக்கடை:
சரி, மாவு இங்கேயே இருக்கட்டும். பொடிக்கு மட்டும் ஜேபியில் (ஜோகூர் பாருவில்) இடம் பார்க்கிறேன். அக்கா சொன்ன மாதிரி கூட்டாக இடம் எடுக்க இங்கே வேறு யாராவது தயாரா?