பாலக்கோடு வீடு: குடும்பக் குழு

மல்லிகா அத்தை: ஞாயிறு தர்மபுரியிலிருந்து கிளம்பி வருகிறோம். அண்ணன் இப்போது பேசுகிறாரா? என் பெயரைச் சொல்வாரா?

செல்வி: வாருங்கள் அத்தை. ஒன்றே ஒன்று: "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று அப்பாவை யாரும் கேட்க வேண்டாம். உங்களை நன்றாகவே அடையாளம் தெரிகிறது. பெயர்தான் வாய்க்கு வர மறுக்கிறது. கேட்கக் கேட்க முகம் சுண்டிப்போகிறது, அன்று முழுக்க வாயைத் திறப்பதில்லை.

கோபால் சித்தப்பா: நினைவு தப்பிவிட்டது என்றல்லவா ஊரில் பேசிக்கொள்கிறார்கள்?

செல்வி: இல்லவே இல்லை சித்தப்பா. பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மொழி அங்கேதான். வலது கை தளர்ந்ததும் அதனால்தான். இப்படிச் சொல் வாய்க்கு வர மறுப்பதை அஃபேசியா என்கிறார்கள். அறிவு அப்படியே இருக்கிறது. நேற்று தக்காளிக் கணக்கைக் குறைத்துச் சொன்ன தரகரிடம் இடது கை விரல்களை மடக்கிச் சரியான தொகையைக் காட்டினார்!

மல்லிகா அத்தை: அப்படியானால் முருகன் பாட்டு மட்டும் தடையில்லாமல் வருகிறதே, எப்படி?

செல்வி: பாட்டுக்கு வலப்பக்க மூளையும் கைகொடுக்கிறது. அதை வைத்தே 1973இல் ராகமாக இழுத்துப் பேசப் பழக்கும் முறையை வெளியிட்டார்கள். அப்பாவும் இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே "தண்ணீர் வேண்டும்" என்று சொல்லிப் பழகுகிறார்.

பிரபு: மாம்பழப் படத்தைச் சொல் அக்கா.

செல்வி: ஆமாம்! பயிற்சியாளர் படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லாமல், எங்கே காய்க்கும், எந்த மாதம், ருசி எப்படி என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். அப்பா நிதானமாக "பெங்களூரா" என்றார். மாம்பழத்தைக் கேட்டால் ரகத்தையே சொல்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோபால் சித்தப்பா: ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதான் என்கிறார்களே அம்மா.

செல்வி: முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறுவார்கள், அது உண்மை. ஆனால் ஆண்டுகள் கழித்தும் பயிற்சியால் முன்னேறியவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தத்தான் கூடாது. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் காணொளி வழியாகவும் பயிற்சி தருகிறார்கள். அங்கேயும் கேட்கப்போகிறேன்.

மல்லிகா அத்தை: நாங்கள் எப்படிப் பேச வேண்டும், அதைச் சொல்.

செல்வி: டிவியை அணைத்துவிட்டு, ஒருவர் மட்டும், சின்னச் சின்ன வாக்கியமாக. "காபியா, மோரா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் தேடும் சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக்கொடுக்காதீர்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் மட்டும் பேசவே வேண்டாம் அத்தை, அது அவரை ரொம்பப் புண்படுத்துகிறது.

பிரபு: ஞாயிறு கிருஷ்ணகிரியிலிருந்தும் ஒரு வேன் வருகிறது அக்கா.

செல்வி: ஐயோ, அத்தனை பேர் ஒரே நேரத்தில் வேண்டாமே.

கோபால் சித்தப்பா: சரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடுத்த ஞாயிறு வருகிறோம். வேன்காரரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.