காஸ்ட்கோவா, சாம்ஸா, பிஜேஸா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வீட்டுக் கணக்கு

அமெரிக்கா வந்து இறங்கிய முதல் வாரத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் "காஸ்ட்கோ கார்டு எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள், ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற மாதிரி. காஸ்ட்கோ, சாம்ஸ் கிளப், பிஜேஸ் மூன்றும் வருடக் கட்டணம் கட்டி மெம்பர் ஆனவர்களுக்குப் பெரிய பெரிய பாக்கெட்டாகச் சரக்கு விற்கும் கடைகள், கிளப் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அவசர அவசரமாக ஓடிப்போய் ஒரு கிளப்பில் பணம் கட்டியவன் நான். இரண்டு மாதம் பொறுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன். காஸ்ட்கோவில் சாதாரண மெம்பர்ஷிப் வருடத்துக்கு 65 டாலர், எக்ஸிகியூட்டிவ் என்ற பெரிய கார்டு (வாங்கியதில் 2 சதவீதம் திரும்பக் கிடைக்கும்) 130 டாலர். 2024 செப்டம்பரில் ஏறிய விலை இது. சாம்ஸ் கிளப்பில் 2022 அக்டோபரில் சாதாரண கார்டு 50, பிளஸ் என்ற பெரிய கார்டு 110 என்று ஆனது. பிஜேஸில் 2025 ஜனவரியிலிருந்து சாதாரண கார்டு 60, பெரியது 120. மூன்று பேரும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே இருப்பார்கள், சேரும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் சாதாரண கார்டுகளுக்குள் வித்தியாசம் மாதத்துக்கு ஒன்றிரண்டு டாலர்தான். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் ஃப்ரீசர் எவ்வளவு பெரிது, ஆபீஸ் போகிற வழியில் எந்தக் கடை இருக்கிறது, பர்ஸில் எந்த கார்டு இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

பர்ஸிலிருந்தே தொடங்கலாம். புதிதாக வந்தவர்கள் பலருக்கும் இதுதான் தெரிவதில்லை. காஸ்ட்கோ அமெரிக்கக் கடைகளில் கிரெடிட் கார்டு என்றால் விசா மட்டும்தான் எடுப்பார்கள். 2016 வரை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், அதன் பிறகு விசா. கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறு) இல்லாமல் வந்து இறங்கிய நம்மவர்கள் பலருக்கு முதலில் கிடைப்பது டிஸ்கவர் கார்டு, அல்லது வங்கியில் பணம் கட்டி வைத்து எடுக்கும் ஒரு மாஸ்டர்கார்டு. இரண்டும் அங்கே செல்லாது. பின் போட்டு உபயோகிக்கும் டெபிட் கார்டு செல்லும், ரொக்கமும் செல்லும். சாம்ஸிலும் பிஜேஸிலும் இந்தத் தொல்லை இல்லை, நான்கு வகை கிரெடிட் கார்டும் எடுப்பார்கள். செலவை எல்லாம் கிரெடிட் கார்டில் போட்டு கிரெடிட் ஸ்கோரை ஏற்ற நினைப்பவர்கள் இதை முதலில் யோசியுங்கள்.

அடுத்து, நம் சமையலறை. அமெரிக்கக் குடும்பம் ஒன்று கிளப்பில் மாதம் 400 டாலருக்கு வாங்குகிறது என்று யூடியூபில் யாரோ சொன்னால் அது நமக்குப் பொருந்தாது. பொன்னி அரிசி, இட்லி அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், புளி, மிளகாய், கறிவேப்பிலை என்று நம் பட்டியலில் பாதி இந்தியன் கடைக்குத்தான் போகும். நான் இருக்கும் நியூஜெர்சியில் இந்தியன் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு இருக்கும்வரை அதில் மாற்றம் வராது. கிளப்பில் நமக்கு உண்மையிலேயே லாபம் தருவது பால், முட்டை, வெண்ணெய் (நெய் நாமே காய்ச்சலாம்), பாதாம் முந்திரி, ஃப்ரோசன் பட்டாணி, கோழி, பிரியாணிக்கு 20 பவுண்டு பாஸ்மதி, பிறகு டாய்லெட் பேப்பர், துணி துவைக்கும் சோப்பு வகையறா. கைக்குழந்தை இருந்தால் கணக்கே வேறு. டயப்பரும் வைப்ஸும் மட்டுமே கார்டு கட்டணத்தை மீட்டுத் தந்துவிடும்.

காய்கறியில் கவனமாக இருங்கள். முதல் தடவை போனபோது (எந்தக் கடை என்பது வேண்டாம், தப்பு என்னுடையது) 10 பவுண்டு வெங்காய மூட்டையும் இரண்டு கேலன் பாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். நாங்கள் இரண்டே பேர், ஒரு பெட்ரூம் வீடு, சொந்தக் கார்கூடக் கிடையாது. இரண்டு கேலன் என்றால் ஏழரை லிட்டர் என்பது வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்த பிறகுதான் உறைத்தது. ஒரு கேலனைத் தயிராக்கி, அந்தத் தயிரை மோர்க்குழம்பாக்கி, அந்த வாரம் முழுக்க ஒரே புளித்த வாசனை. சிங்க்குக்குக் கீழே உருளைக்கிழங்கு பக்கத்தில் வைத்த வெங்காயம் மூன்றாவது வாரம் விரல் நீளத்துக்குப் பச்சையாகத் தாள் விட்டிருந்தது. மனைவி அதைக் கிள்ளி முட்டைப் பொரியலில் போட்டுவிட்டு, "இனிமே வெங்காயத்தாள் தனியா வாங்க வேண்டாம்" என்றாள்.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, கிழக்குக் கரைப் பக்கம் இருந்தால், பிஜேஸ் ஒத்துவரும் என்பது என் எண்ணம். மூட்டை சிறியது, சரக்கு வகை அதிகம். காஸ்ட்கோவில் மொத்தமே 4,000க்கும் குறைவான பொருள்கள்தான், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பிராண்டுதான் இருக்கும். பிஜேஸ் ஒரு சூப்பர்மார்க்கெட் மாதிரி. கம்பெனிகள் தரும் கூப்பனையும் எடுத்துக்கொள்வார்கள், மற்ற இரண்டு பேரும் எடுக்க மாட்டார்கள். முதல் வருடத்துக்குச் சலுகை விலை என்று பிஜேஸ்காரர்கள் அடிக்கடி அறிவிப்பார்கள். அதில் சேர்ந்தால் அடுத்த வருடம் முழு விலையில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். கலிபோர்னியா போயிருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம், அங்கே பிஜேஸ் கிடையாது.

சாம்ஸின் பலம் ஸ்கேன் அண்ட் கோ. போனில் ஒவ்வொரு பொருளையும் ஸ்கேன் செய்து, போனிலேயே பணம் கட்டிவிட்டு, வரிசையில் நிற்காமல் வெளியே வந்துவிடலாம். தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை மதியம் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அப்புறம், வண்டியில் போடும்போதே மொத்தத் தொகை ஏறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அதைப் பார்த்துத்தான் இரண்டு மூன்று பொருள் திரும்ப ஷெல்ஃபுக்குப் போகும்.

காஸ்ட்கோவின் பலம் தரம். கிர்க்லேண்ட் என்ற அவர்கள் சொந்த பிராண்டை (கம்பெனி ஒருகாலத்தில் இருந்த வாஷிங்டன் மாநில ஊரின் பெயர் அது) கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் எளிது. டிவி, கம்ப்யூட்டர், ஃப்ரிட்ஜ் போன்றவற்றுக்கு மட்டும் 90 நாள் கெடு. மெம்பர்ஷிப்பே பிடிக்கவில்லை என்றாலும் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்கள். விலை அட்டையைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். விலை .97 என்று முடிந்தால் தள்ளிவிடும் விலை. வலது மேல் மூலையில் ஒரு நட்சத்திரம் இருந்தால் அந்தச் சரக்கு திரும்ப வராது. 4.99 டாலர் சுட்ட கோழியைக் கடையின் கடைசி மூலையில் வைத்திருப்பதும் காரணமாகத்தான், அதை எடுக்கப் போகிறவர் வழியில் வேறு நான்கு பொருள் எடுப்பார். ஒன்றரை டாலர் ஹாட் டாக் மாட்டிறைச்சி, சாப்பிடாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: எக்ஸிகியூட்டிவ் எடுக்கலாமா? கூடுதலாகக் கட்டுவது 65 டாலர். திரும்பக் கிடைப்பது 2 சதவீதம். 65 டாலர் திரும்ப வர வருடத்துக்கு 3,250 டாலருக்கு வாங்க வேண்டும், அதாவது மாதம் 271 டாலர். சாம்ஸ் பிளஸுக்கும் பிஜேஸின் பெரிய கார்டுக்கும் கூடுதல் 60 என்று வைத்தால் மாதம் 250. இதில் ஒரு கொக்கி இருக்கிறது. காஸ்ட்கோவில் பெட்ரோலுக்கு அந்த 2 சதவீதம் கிடையாது. பாதி மளிகை இந்தியன் கடையில் வாங்கும் இரண்டு பேர் குடும்பம் மாதம் 271 தொடாது. நான்கு பேர், அதில் ஒன்று டயப்பர் கட்டும் வயது என்றால் தாராளமாகத் தொடும். முதல் வருடம் சாதாரண கார்டே எடுங்கள், பில்களைச் சேர்த்து வையுங்கள். மேலே ஏறுவதற்கு எப்போது கேட்டாலும் சந்தோஷமாக ஏற்றிவிடுவார்கள்.

பெட்ரோல் என்றதும் நினைவுக்கு வருகிறது. கிளப்பின் பங்க்கில் காருக்கு 12 கேலன் போடுகிறீர்கள், வெளியே விற்பதைவிட கேலனுக்கு 30 சென்ட் குறைவு என்றால் ஒரு தடவைக்கு 3.60 டாலர் மிச்சம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் வருடத்துக்கு 93 டாலர் சொச்சம். கார்டு கட்டணம் போக மிச்சம். ஆனால் அந்த பங்க் உங்கள் வழியில் இருக்க வேண்டும். 10 மைல் தள்ளிப் போய் அரை மணி நேரம் வரிசையில் நின்று 3.60 சேமிப்பதை நான் சேமிப்பு என்று சொல்ல மாட்டேன். (நியூஜெர்சியில் நாமே பெட்ரோல் போட சட்டம் அனுமதிப்பதில்லை, ஆள் வந்து போடுவார். காரை விட்டு இறங்கி நிற்காதீர்கள்.)

ஒரே கார்டை ரூம்மேட்கள் பகிர்ந்துகொள்ளலாமா என்று தனியாள்களாகச் சேர்ந்து தங்கியிருக்கும் தம்பிகள் கேட்டதற்குப் பதில்: காஸ்ட்கோவில் ஒரு மெம்பர்ஷிப்புடன் அதே முகவரியில் இருக்கும் 18 வயது தாண்டிய இன்னொருவருக்கு இலவசமாக ஒரு கார்டு தருவார்கள். இரண்டு பேர் பாதிப் பாதி போட்டால் ஆளுக்கு 32.50. மற்ற ரூம்மேட்களில் இரண்டு பேர் விருந்தாளியாகக் கூட வரலாம், பில் மட்டும் கார்டுக்காரர்தான் கட்ட வேண்டும். நண்பரின் கார்டை வாங்கிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். இப்போது வாசலிலேயே ஸ்கேன் செய்து படத்தைப் பார்க்கிறார்கள். அதற்குப் பதில் நண்பரிடம் காஸ்ட்கோ ஷாப் கார்டு (முன்கூட்டியே பணம் போட்டு வைத்த பரிசு கார்டு) ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள், அது மெம்பர் அல்லாதவர்களுக்கும் செல்லும். சேர்வதற்கு முன்னால் ஒருமுறை கடையைச் சுற்றிப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. டாக்டர் எழுதிய மருந்து வாங்க மட்டும் மெம்பராகவே இருக்க வேண்டியதில்லை, வாசலில் பார்மசி என்று சொன்னால் விடுவார்கள்.

கனடாவில் எந்தக் கிளப்பில் சேரலாம் என்று டொரோன்டோவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். அங்கே உங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை அக்கா. சாம்ஸ் 2009-லேயே கனடாவை விட்டுக் கிளம்பிவிட்டது, பிஜேஸ் வந்ததே இல்லை. மிச்சம் காஸ்ட்கோதான். ஆனால் அங்கே கிரெடிட் கார்டு என்றால் மாஸ்டர்கார்டு மட்டும், விசா செல்லாது. கோடை விடுமுறைக்கு ஸ்கார்பரோ சொந்தக்காரர் வீட்டுக்குக் காரில் போகும் அமெரிக்கத் தமிழர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே எடுத்த மெம்பர்ஷிப் கார்டு அங்கேயும் உள்ளே விடும், இங்கே உபயோகிக்கும் விசா அங்கே பில் கட்டாது. கையில் கொஞ்சம் கனடா டாலர் வைத்துக்கொள்ளுங்கள்.