டூத் பிரஷ் கைப்பிடியை ரேசரைக் காட்டி மறுக்கலாமா?

கேள்வி:
அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவை (அத்துறை அறிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை என்பது) ஒட்டி வகுப்பில் ஒரு கற்பனை வழக்கு தந்திருக்கிறார்கள். கழுத்து வளைந்து, கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் பதித்த டூத் பிரஷ் கைப்பிடிக்கு ஒருவர் காப்புரிமை கோருகிறார். வளைந்த கழுத்து பழைய டூத் பிரஷ் காப்புரிமை ஒன்றிலும், ரப்பர் பிடி ஒரு சவர ரேசர் காப்புரிமையிலும் இருக்கின்றன. ரேசர் வேறு துறைப் பொருள் என்று அவர் வாதிடலாமா?

பதில் 1:
வாதிடலாம், நிற்காது. 2004இல் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் தீர்த்த பிஜியோ வழக்கைப் படியுங்கள். அதில் தலைமுடி பிரஷுக்கு உரிமை கேட்டவருக்கு எதிராக டூத் பிரஷ் காப்புரிமைகள் காட்டப்பட்டன. வடிவமும் வேலையும் நெருங்கியிருப்பதால் இரண்டும் ஒரே துறை என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். நீதிபதி நியூமன் மட்டும் உடன்படவில்லை. எனக்கு அவர் பக்கமே நியாயமாகத் தோன்றுகிறது, ஆனால் சட்டம் பெரும்பான்மையின் பக்கம். துறை வேறென்றே வைத்தாலும், கண்டுபிடிப்பாளர் தீர்க்க முயன்ற சிக்கலுக்கு அந்த ஆவணம் பொருந்தினால் போதும். ஈரக்கையில் நழுவுவது இரண்டுக்கும் பொதுவான சிக்கல்தானே.

பதில் 2:
மேலே சொன்னது ரேசர் ஆவணத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்பதை மட்டுமே காட்டுகிறது. இரண்டையும் இணைக்க அத்துறையில் தேர்ந்த சாதாரண ஒருவருக்குக் காரணம் இருந்ததா என்பதே முக்கியக் கேள்வி. அந்தக் காரணம் பழைய ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற இறுக்கமான நிலைப்பாட்டை 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. தெரிந்த உறுப்புகள் தத்தம் வழக்கமான வேலையையே செய்து, எதிர்பார்த்த பலனையே தந்தால், அந்த இணைப்பு பெரும்பாலும் வெளிப்படையானதே. ஆகவே உங்கள் விண்ணப்பதாரர் எதிர்பாராத பலனைக் காட்டியாக வேண்டும்: ரப்பரின் இடமும் வளைவின் கோணமும் சேர்ந்து ஈறின் மீதான அழுத்தத்தைக் குறைப்பதாகச் சோதனை முடிவு இருந்தால், அதைக் கோரிக்கையின் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் பகுதி) வாசகத்திலேயே கோண அளவோடு கட்டுங்கள். விற்பனை வெற்றியை 1966ஆம் ஆண்டின் கிரஹாம் தீர்ப்பு துணைச் சான்றாக ஏற்கிறது; ஆனால் விளம்பரத்தால் விற்றிருந்தால் அது உதவாது.

கேட்டவர்:
நன்றி. கோண அளவு கோரிக்கையில் இல்லை, கண்டுபிடிப்பை விவரிக்கும் விளக்கவுரையில்தான் இருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் முதலில் கோரிக்கையைத் திருத்துங்கள். விளக்கவுரையில் ஆதாரம் இருப்பதால் விண்ணப்பித்த பின் சேர்க்கக் கூடாத புதிய செய்தியை அது சேர்த்ததாகாது.