ஷார்ட்கோடில் பட்டன்: நடுவில் நுழையும் பிஆர் டேகை எப்படித் தடுப்பது?

வணக்கம் நண்பர்களே. வேர்ட்பிரஸ் தளத்தில் ஒவ்வொரு பட்டனுக்கும் எச்டிஎம்எல்லை ஒட்டி ஒட்டி அலுத்துப்போய், சைல்டு தீமின் (மூல தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை வைக்கும் துணை தீம்) ஃபங்ஷன்ஸ் ஃபைலில் ஒரு ஷார்ட்கோட் (கட்டுரையில் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் சிறு குறியீடு) எழுதினேன். லிங்க், நிறம், பட்டன் மேல் வரும் எழுத்து ஆகிய மூன்றையும் கொடுத்தால் பட்டன் வந்துவிடும்.

முதலில் பட்டன் கட்டுரையின் தலைக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. பட்டனை உடனே அச்சிட்டுவிடும் எக்கோ போட்டிருந்தேன், அதை உரிய இடத்துக்குத் திருப்பித் தரும் ரிட்டர்ன் என்று மாற்றியதும் சரியானது. (அதைக் கண்டுபிடிக்கவே ஒரு ராத்திரி போனது, சிரிக்காதீர்கள்.)

இப்போதைய தலைவலி வேறு. பழைய எடிட்டரின் டெக்ஸ்ட் பகுதியில் இரண்டு ஷார்ட்கோடுகளை அடுத்தடுத்த வரியில் எழுதினால், நடுவில் ஒரு பிஆர் டேக் (வரியை உடைக்கும் எச்டிஎம்எல் குறி) சேர்ந்து இரண்டாவது பட்டன் கீழே இறங்கிவிடுகிறது. ஒரே வரியில் எழுதினால் பிரச்சினை இல்லை. ஆனால் கட்டுரை எழுதுபவர்கள் என்டர் தட்டாமல் இருப்பார்களா? தானாகப் பத்தி பிரிக்கும் ஃபில்டரை மொத்தமாக எடுத்தால் மற்ற கட்டுரைகளின் பத்திகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பட்டன்களையும் சுற்றி வெளி ஷார்ட்கோட் ஒன்று போட்டு, அதற்குள் மட்டும் பிஆரை நீக்கலாமா?

அப்புறம் இன்னொன்று. தீம் மாற்றினால் பட்டன் இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குறியோடு ஷார்ட்கோட்தான் அப்படியே தெரியும். இப்போதே இதைத் தனி பிளகினாக (தீமைச் சாராமல் இயங்கும் கூடுதல் நிரல்) மாற்றிவிடுவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.