பணம் வந்திருந்தது, நாங்கள் பார்த்த பாஸ்புக் வேறு

கல்லூரி உதவித்தொகை, கட்டணச் சலுகை வாங்கப்போன அனுபவத்தை மூன்று மாணவர்கள் ஆளுக்கொன்றாக எழுதியது.

பொறியியல் இரண்டாம் ஆண்டில் எனக்கு ஹால் டிக்கெட் தரவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "உனக்கு ஸ்காலர்ஷிப் வந்துடுச்சுன்னு காட்டுதே, ஏன் இன்னும் ஃபீஸ் கட்டல?" என்கிறார்கள். என் பாஸ்புக்கில் இருந்தது 412 ரூபாய்.

எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை அது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். 2021-இல் விதி மாறியபின் மத்திய அரசின் பங்கு நேராக மாணவரின் கணக்குக்கே வருகிறது. வந்ததும் நாம்தான் கல்லூரியில் கட்ட வேண்டும். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பணத்தை நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன் என்று நினைத்து அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை.

மூன்று முறை வங்கிக்கு நடந்தேன். மூன்றாம் முறை கவுண்டரில் இருந்த அக்காதான் பொறுமையாக விளக்கினார். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினோம் என்பது இதில் பொருட்டே இல்லையாம். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போகும். "வேற எங்கயாவது கைரேகை வச்சியா தம்பி?" என்றார். வைத்திருந்தேன். பிளஸ் டூ முடித்து சிம் வாங்கப் போன கடையில் "இதையும் ஓபன் பண்ணிக்கோ, இலவசம்" என்று ஒரு பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கைத் திறந்துவிட்டிருந்தார்கள். முழுப் பணமும் அங்கே நான்கு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது!

ஆதார் இணையதளத்தில் உள்ளே போய், எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஓ.டி.பி. வர மொபைல் எண் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாம் ஆண்டிலேயே இதை யாராவது சொல்லியிருந்தால் அப்பா அந்த இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்க மாட்டார். சரி, விடுங்கள்.

⸻

எனக்கு முதல் பட்டதாரி சான்றிதழில் வேடிக்கை. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. குடும்பத்தில் அதுவரை யாரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் "குடும்பம்" என்பதில் தாத்தா பாட்டியும் சேர்த்தி. வி.ஏ.ஓ. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். அம்மாவழிப் பாட்டி என்ன படிச்சிருக்காங்க என்றார். "கைநாட்டு சார்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

சிரிக்க முடியாத இடம் என் அண்ணன். பி.எஸ்சி. இரண்டு வருடம் படித்துவிட்டு நின்றவன். டிகிரி முடிக்காதவன் பட்டதாரி இல்லை என்பது நமக்குப் புரிகிறது, காகிதத்துக்குப் புரிய வேண்டுமே. கல்லூரியில் இடைநின்றதற்கான சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அவன் அந்தக் கல்லூரி வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று இருந்தவன். எனக்காகப் போனான். வாங்கி வந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அதற்கப்புறம் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் எல்லாம் வேகமாக முடிந்தது.

⸻

புதுமைப்பெண் திட்டம் பற்றி யாரும் எழுதவில்லையே. 2022 செப்டம்பரில் தொடங்கியபோது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்கு மட்டும் மாதம் 1000 ரூபாய் என்றார்கள். நான் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. ஒரே தெரு, ஒரே டியூஷன், என் தோழிக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அவள்மேல் எனக்குப் பொறாமையே இல்லை என்று சொன்னால் பொய். 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். அப்போது நான் இரண்டாம் ஆண்டு.

டவுன் பஸ் எங்களுக்கு இலவசம்தான். அதனால் ஆயிரமும் ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் என்று போகும். முதல் மாதம் மட்டும் அம்மாவிடம் அப்படியே கொடுத்தேன். அவர் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஃபீஸுக்கு வச்சுக்க" என்று திருப்பித் தந்துவிட்டார்.